வீட்டோரம் வெட்டிவேர் நட்டு வையுங்கள்!



இந்த வாரம் புல் வளர்ப்பதைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் எங்கள் கிளைச் செயலாளர் ஒருவர் சிரித்துவிட்டார். "என்ன தலைவரே, சம்பளம், வீடு, நெலம்னு எழுத எவ்வளவோ கெடக்கு. புல்லையா எழுதப் போறீங்க?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்குப் புல் என்றாலே எதிரிதான். அதை வெட்டவும், பிடுங்கவும், மருந்தடித்துக் கருக்கவும்தான் நமக்குக் கூலி கொடுத்தார்கள். காசு கொடுத்து ஒரு புல்லை வாங்கி, தண்ணீர் ஊற்றி, வேலி கட்டி வளர்ப்பது நம் பாட்டன் பூட்டன் காணாத வேலை என்று தோன்றும்.

ஆனால் பாட்டன் கண்ட வேலைதான் அது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் என் தாயாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிக் கொள்கிறேன். அம்மா தோட்டத்தில் மருந்தடிக்கும் கூட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு, முதுகில் மருந்துத் தோம்பைக் கட்டிக்கொண்டு தீம்பாருக்குள் போனால் மத்தியானம்தான் வெளியே வருவார். அப்போது நான் தோட்டத் தமிழ்ப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா சோறு பிசைந்து கொடுக்க மாட்டார். தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "நீயே தின்னுக்கய்யா, அம்மா கை சரியில்ல" என்பார். கை விரல் நகங்கள் மஞ்சள் பூத்து, கருத்து, அடியோடு கழன்று விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த மருந்துக்குப் பெயர் பாராகுவாட். நம் நாட்டில் 2002இல் அதற்குத் தடை என்று அறிவித்தார்கள். 2006இல் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் முழுத் தடை வந்தது. அம்மா வேலையை விட்டு வெகுகாலம் ஆன பிறகு!

அத்தனை மருந்தும் அடித்து லாலான் ஒழிந்ததா என்றால் அதுவும் இல்லை. பாராகுவாட் பட்ட இடத்தில் இலை கருகும். மண்ணுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக ஊசி மாதிரி ஓடுகிற தண்டு சாகாது. சில வாரத்தில் தளிர் வந்துவிடும். மறுபடியும் தோம்பு, மறுபடியும் நிரை. லாலானை உண்மையில் கொல்வது நிழல்தான். மரம் வளர்ந்து கிளை கூடிவிட்டால் அது தானாகவே மெலிந்து போகும். இதைத் தண்டல் முதல் துரை வரை எல்லாரும் அறிவார்கள்.

அப்படி வாழ்நாளெல்லாம் புல்லோடு சண்டை போட்ட என் தாயார், இன்று கிள்ளானில் எங்கள் தாமான் வீட்டுக்குப் பின்னால் ஆள் உயரப் புல்லை வரிசை வரிசையாக நட்டு வளர்க்கிறார். விடிந்ததும் முதல் வேலை அதைப் போய்ப் பார்ப்பதுதான். அந்தப் புல் வெட்டிவேர்.

நான் பட்ட அவமானம்

தோட்ட நிலம் கைமாறி, லயத்தைக் காலி செய்து நாங்கள் வெளியே வந்த கதை உங்களில் பலருக்கும் உள்ள கதைதான், அதை இங்கே விரிக்கவில்லை. கிடைத்த வீடு வரிசையின் கடைசி வீடு. பின்னால் ஆறேழு அடி அகலத்தில் கொஞ்சம் மண், அதற்கப்பால் பெரிய மழைக்கால்வாய். மழை பெய்யும் ஒவ்வொரு முறையும் அந்தக் கரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கால்வாய்க்குள் விழும். ஒரு வருஷத்தில் இரண்டடி போய்விட்டது. அம்மாவின் முருங்கை சாய்ந்து உள்ளே விழுந்தது. சிமெண்டுச் சுவர் எழுப்பக் கேட்டால் ஆயிரக்கணக்கில் சொன்னார்கள். நம்மிடம் ஏது?

அந்தச் சமயத்தில் ஒரு பொறியாளர் நண்பர், "வெட்டிவேர் நடுங்கள், கரை நிற்கும்" என்றார். நமக்குத் தெரிந்த பொருள்தானே என்று நான் நேரே பிரிக்பீல்ட்சுக்குப் போனேன். பூக்கடை, மளிகைக்கடை, நாட்டு மருந்துக்கடை எல்லாம் இருக்கிற இடம். அங்கே ஒரு கடையில் கட்டுக் கட்டாக வெட்டிவேர் வைத்திருந்தார்கள், நல்ல வாசனை. நாலு கட்டு வாங்கி வந்து, கால்வாய்க் கரையில் குழி வெட்டி வரிசையாகப் புதைத்து, பத்து நாள் தண்ணீர் ஊற்றினேன்.

பதினோராம் நாள் அம்மா வந்து எட்டிப் பார்த்தார். "ஏம்பா, கருவாட்ட ஆத்துல விட்டா நீஞ்சுமா?" என்றார்.

அவ்வளவுதான். வெட்டிவேரில் முளைக்கிற கண் வேரில் இல்லை, தூரில் இருக்கிறது. கடையில் விற்பது தூரை வெட்டி எறிந்துவிட்டு, கழுவி உலர்த்திய வெறும் வேர். தண்ணீர்ப் பானையில் போடலாம், எண்ணெய் காய்ச்சலாம், சாமிக்கு மாலை கட்டலாம், நட முடியாது. நான் படித்தவன், மேடையில் பேசுகிறவன், எனக்கு இது தெரியவில்லை. ஆறு வருஷமும் முழுதாகப் பள்ளிக்கூடம் போகாத அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. கடையில் வாங்கி நடலாம் என்று வேறு யாரும் கிளம்பிவிடக் கூடாதே என்பதற்காகத்தான் என் அவமானத்தைப் பத்திரிகையில் போடுகிறேன்.

லயத்துக்குப் பின்னால் ஒரு பச்சைச் சுவர்

உயிருள்ள தூர் கிடைத்தது எதிர்பாராத ஓர் இடத்தில். சங்க வேலையாக உலு சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். மேட்டை வெட்டிச் சமப்படுத்திக் கட்டிய லயம். முதுகுக்குப் பின்னால் ஒன்பது, பத்தடி உயரத்துக்குச் செம்மண் சரிவு. இந்த மாதிரி இடங்களில் அடைமழைக் காலத்தில் மண் கரைந்து வந்து பின்வாசல் சாக்கடையை அடைத்துவிடும். பிறகு அந்தச் சேறு அடுப்படிக்குள் வரும். பல தோட்டங்களில் நான் பார்த்திருக்கிறேன், மனுவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அந்த லயத்தில் மட்டும் நாலு வீட்டுக்குப் பின்னால் சரிவு அசையாமல் நின்றது. குறுக்கே மூன்று வரிசை உயரமான புல். கண்டங்கண்டமாக இல்லை, பாய் விரித்த மாதிரி இடைவெளி இல்லாமல் நெருக்கமாக. மேலிருந்து வந்த மண் ஒவ்வொரு வரிசைக்கும் மேல்பக்கம் தேங்கித் தேங்கிப் படிக்கட்டாகவே மாறியிருந்தது. அடுத்த வீடுகளுக்குப் பின்னால் செம்மண் வழித்து விட்டாற்போலக் கிடந்தது.

"இது யார் வச்சது பெரியம்மா?" என்று கேட்டேன்.

"எங்க மாமியா காலத்துல ஒரு தூரு கொண்டாந்து வச்சது தம்பி. தலைக்குப் போட வேரு வேணும்னு வச்சது. மண்ணு புடிக்குதுன்னு பாத்துட்டு நாந்தான் பிரிச்சுப் பிரிச்சு நட்டேன். கிராணி ஐயா வந்து லாலான வளக்குறியான்னு சத்தம் போட்டாரு. வேரத் தோண்டி மூக்குல வச்சுக் காட்டுனேன். போயிட்டாரு."

ஒரு சாக்கு நிறைய எனக்குத் தூர் வெட்டிக் கொடுத்தவர் அந்தப் பெரியம்மாதான். காசு வாங்க மறுத்துவிட்டார்.

நம் பெயர் உலகமெல்லாம் போயிருக்கிறது

இந்தப் புல்லின் பெருமையைச் சொல்லாமல் நடும் முறைக்குப் போக மனசு வரவில்லை.

வெட்டி எடுக்கிற வேர் என்பதால் வெட்டிவேர். பிரெஞ்சுக்காரன் வாசனைத் திரவியத்துக்கு இதை வாங்கிப் போனபோது பெயரையும் சேர்த்தே கொண்டுபோனான். இன்று ஆங்கிலம், பிரெஞ்சு முதலான பல மொழிகளிலும் இதற்கு வெட்டிவேர் என்பதைத் திரித்த பெயர்தான். எய்த்தித் தீவிலும் ஜாவாவிலும் விவசாயிகள் இதை எண்ணெய்க்காகப் பயிரிடுகிறார்கள். பெரிய கம்பெனிகள் விற்கிற விலை உயர்ந்த செண்டுகளில் இந்த எண்ணெய் சேர்கிறது. கரும்பு, சோளம், செராய் எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள், ஒரே புல் குடும்பம்.

வாசனை பழைய கதை. மண் பிடிக்கிற கதை பிறகு வந்தது. 1950களில் பிஜித் தீவின் கரும்புக் காடுகளில் மலைச்சரிவு மண் அரித்துப் போனபோது, ஜான் கிரீன்பீல்ட் என்பவர் வெட்டிவேரைக் குறுக்கு வரிசையாக நட்டு அதைத் தடுத்தார். பிஜியின் கரும்புக் காட்டுக்கு நம் ஆட்களும் போனவர்கள்தான். 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாகப் போனார்கள். நம் பாட்டன்மார் பால்மரக் காட்டுக்கு வந்தார்கள், அவர்கள் கரும்புக் காட்டுக்குப் போனார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு 1980களில் அதே கிரீன்பீல்டும் ரிச்சர்ட் கிரிம்ஷா என்பவரும் உலக வங்கி வேலையாக இந்தியாவுக்கு வந்து, இந்தப் புல்லை நடச் சொல்லி விவசாயிகளிடம் பேசினார்கள். பார்த்தால், மைசூருக்குத் தெற்கே குண்டலுப்பேட்டைப் பக்கத்து விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வயல் வரப்பில் வெட்டிவேரைத்தான் எல்லைக்கு நட்டு வைத்திருந்தார்கள்! பெரிய ஆபீசர்கள் சொல்லிக் கொடுக்க வந்ததை ஏழை விவசாயி ஏற்கெனவே செய்து வைத்திருந்தான்.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. சுங்கை பூலோவில் இருந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பரிசோதனை நிலையத்தில் டாக்டர் பி. கே. யூன் என்ற விஞ்ஞானி 1990ஆம் ஆண்டை ஒட்டி இந்தப் புல்லைத் தொட்டியிலும் சரிவிலும் நட்டு, எப்படிப் பெருக்குவது, எந்த அளவுக்கு வெட்டுவது, நிழலில் என்ன ஆகிறது என்றெல்லாம் பொறுமையாகச் சோதித்து எழுதி வைத்தார். ரப்பருக்காக ஏற்பட்ட கழகத்தில் இருந்துகொண்டு புல்லைப் பற்றி எழுதிய மனிதர்! அந்த எழுத்து பல நாடுகளுக்கும் போனது. அவர் பரிசோதனை செய்த ரப்பர் நிலத்தின் பெரும் பகுதி இன்று குவாசா டாமான்சாரா என்ற புதுநகரம், ரயில் ஓடுகிறது. தாய்லாந்தில் மன்னர் பூமிபோலே 1991 முதல் இந்தப் புல்லை நாடு முழுவதும் நடச் சொல்லி முன்னின்று நடத்தினார்.

அப்படி என்னதான் இருக்கிறது இதில்? வேர் பக்கவாட்டில் ஓடாது. நேரே கீழே இறங்கும். நல்ல மண்ணில் ஒரே வருஷத்தில் மூன்று மீட்டர், அதாவது பத்தடி ஆழம் போகும். ஒரு வேர் நம் தையல் நூலைவிடக் கொஞ்சம்தான் பருமன். ஆனால் இழுத்துப் பார்த்துச் சோதித்ததில் சாதாரண இரும்புக் கம்பியின் வலுவில் ஆறில் ஒரு பங்கு இருக்கிறது என்று 1996இல் கணக்குச் சொன்னார்கள். அப்படிப்பட்ட வேர் ஒரு தூரில் ஆயிரக்கணக்கில் இறங்கினால் மண் எப்படி நகரும்?

லாலான் ஆகிவிடாதா?

அந்தக் கிராணியின் பயம் நம் ஆட்களுக்கும் வரும். வரவேண்டியதுதான். உயரமான புல் எல்லாம் ஒரே ஜாதி இல்லை.

லாலான் இரண்டு வழியில் பரவும். பஞ்சு மாதிரி வெள்ளைப் பூ காற்றில் பறந்து விதை தூவும், மண்ணுக்குள் தண்டு ஓடும். நம் தென்னாட்டு வெட்டிவேருக்கு இரண்டுமே கிடையாது. ஊதா நிறத்தில் பூத்தாலும் முளைக்கிற விதை பிடிக்காது, தண்டும் ஓடாது. நட்ட இடத்திலேயே நின்று தூர் பெருக்கும். மனிதன் கை வைத்துப் பிரித்து நட்டால்தான் அடுத்த இடத்துக்குப் போகும். வட இந்தியாவில் விதை விடுகிற காட்டு வகை ஒன்று உண்டு. ஆகையால் காட்டோரம் எங்கோ பார்த்ததைப் பிடுங்கி வராமல், வீட்டில் வைத்து வளர்த்தவர்களிடம் தூர் வாங்குங்கள்.

லாலான் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதே லாலானின் சிவப்பு இலை வகை ஒன்றை மேல்நாட்டில் அழகுக்கென்று தொட்டியில் வைத்து விற்கிறார்கள், கேட்டால் நம்ப மாட்டீர்கள். அதே சமயம் அமெரிக்காவில் சட்டம் போட்டு ஒழிக்கப் பார்க்கிற களைகளில் லாலானும் ஒன்று. அங்கேயும் இரண்டு முகம்தான் அதற்கு. இங்கே 1987 அக்டோபரில் நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பிடித்து உள்ளே வைத்தபோது அந்த நடவடிக்கைக்கு லாலான் என்றுதான் பெயர் வைத்தார்கள். வேரோடு பிடுங்க வேண்டிய களை என்று நினைத்தார்கள் போலும்.

நடும் முறை

நன்றாகப் பெருத்த தூர் ஒன்றைச் சாங்கோலால் அடியோடு கிளப்புங்கள். பத்தடி வேரும் வராது, வரவேண்டியதும் இல்லை, மேல் வேர் போதும். மண்ணை உதறிவிட்டுக் கையாலும் பாராங்கத்தியாலும் பிரியுங்கள். ஒவ்வொரு நாற்றிலும் இரண்டு மூன்று தண்டு சேர்ந்திருக்க வேண்டும். ஒற்றைத் தண்டு பிழைக்கும், ஆனால் சுணங்கும். இலையை ஒரு சாண் அளவு விட்டு மேலே நறுக்கிவிடுங்கள். வேரை இரண்டு விரல் நீளம் விட்டு நறுக்குங்கள். "ஐயையோ, வேரை வெட்டுவதா?" என்று பதற வேண்டாம், புது வேர் அடியிலிருந்து விடும். உடனே நட முடியாவிட்டால் வாளித் தண்ணீரில் நிறுத்தி நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும்.

சரிவில் நடும்போது முக்கியமான விஷயம், வரிசை மேலிருந்து கீழாக இருக்கக் கூடாது. சரிவுக்குக் குறுக்கே, நீர்மட்டமாக இருக்க வேண்டும். கோணலாகப் போனால் தண்ணீர் வரிசையோடு ஓடித் தாழ்ந்த முனையில் குழி பறித்துவிடும். மேட்டு நிலத்தில் மட்டம் பார்த்து நிரை அடித்தவர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மட்டம் தெரியாவிட்டால் ஒரு பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் பிடித்துப் பாருங்கள். நாற்றுக்கு நாற்று அரை அடி. அதற்கு மேல் விட்டால் பல்லுப் போன வாய் மாதிரி இடைவெளி நின்றுவிடும், தண்ணீர் அதில் பூந்து வரும். முப்பதடி நீளச் சரிவுக்கு அறுபது நாற்று. ஒரு நல்ல தூரில் இருபது பிரிக்கலாம் என்று வையுங்கள், மூன்று தூர் இருந்தால் ஒரு வரிசை முடிந்தது. சரிவு உயரமாக இருந்தால் மூன்று மூன்றரை அடி உயரத்துக்கு ஒரு வரிசை வீதம் ஏற்றிக் கொள்ளுங்கள்.

அழகுக்கு மட்டும் என்றால் இவ்வளவு நெருக்கம் வேண்டாம். தூருக்குத் தூர் மூன்றடி விடுங்கள். ஒரு வருஷத்தில் ஐந்தாறடி உயரம் வந்து, உச்சி வளைந்து, நீரூற்று மாதிரி நாலு பக்கமும் சாயும். காற்றடிக்கும் சாயங்காலத்தில் பார்க்க வேண்டும். பிளாட் வீட்டில் இருப்பவர்கள் உரச்சாக்கிலோ பழைய பெயிண்ட் வாளியிலோ வைக்கலாம், வாளிக்கு அடியில் ஓட்டை போட மறக்காதீர்கள். ஒன்றரை வருஷத்தில் சாக்கைக் கிழித்தால் வேர் முழுசாகக் கிடைக்கும், கழுவி நிழலில் உலர்த்தினால் கடை வேரைவிட வாசனை. ஆனால் பால்கனி விளிம்பில் வாளியை வைக்காதீர்கள், கீழே பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

மண்ணைப் பற்றி இது முகம் சுளிக்காது. கிள்ளான் கரையோரத்துப் புளிப்பு மண், செம்மண், சரளை, கட்டடக் குப்பை போட்டு நிரப்பிய மண், எல்லாவற்றிலும் வரும். வேண்டியது வெயில். செம்பனைக்கு அடியிலோ மாமரத்துக்கு அடியிலோ நட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள், நிழலில் மெலிந்துதான் போகும். மழை பிடிக்கிற சமயம் பார்த்து நடுங்கள், சித்திரை மழையோ தீபாவளி மழையோ. முதல் மூன்று மாதம்தான் பராமரிப்பு. வெயில் நாளில் தண்ணீர், சுற்றிலும் களை எடுப்பு, ஒரு கை மாட்டுச் சாணம் அல்லது ஒரு தேக்கரண்டி உரம். காய்ந்துபோன நாற்றுக்குப் பதில் உடனே வேறு நடுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் வரிசை மூடிக்கொள்ள ஆரம்பிக்கும்.

நாலாவது மாதத்தில் முதல் வெட்டு. முழங்கால் உயரம் விட்டு மேலே அறுங்கள். வெட்டினால்தான் பக்கத் தூர் வெடிக்கும், வெட்டாமல் விட்டால் உயரம் போகும், அடி பெருக்காது. பிறகு வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை போதும். அறுத்த இலை வீண் இல்லை. செடிக்கடியில் மூடாக்குப் போட்டால் மட்காமல் நீண்ட நாள் நிற்கும். இளசாக இருந்தால் மாடு தின்னும், முற்றினால் மோந்துவிட்டுப் போய்விடும்.

ஒரு கண்டிப்பான வார்த்தை. வாசனைக்கு வேர் வேண்டுமென்றால் அதற்குத் தனியாகச் சாக்கில் வையுங்கள். சரிவைப் பிடித்துக்கொண்டிருக்கிற வரிசையில் கை வைக்காதீர்கள். மண்ணைக் காக்க நட்டதைத் தோண்டி எடுத்தால் நட்டதைவிட மோசமாகப் போகும்.

பாம்பு, கொசு, பெரிய மலை

நான் இதைப் பேசுகிற இடமெல்லாம் பெண்கள் முதலில் கேட்பது பாம்பைப் பற்றி. வெட்டிவேர்ப் புதரில் பாம்பு அண்டாது என்று பலர் சொல்கிறார்கள். நான் அதை நம்பிப் பந்தயம் கட்ட மாட்டேன். செம்பனைக் காட்டில் எலி இருக்கிற வரைக்கும் பாம்பு இருக்கும். பிள்ளைகள் நடமாடும் வாசற்படிக்கு ஆறடி தள்ளி நடுங்கள், காய்ந்த சருகை அடியிலிருந்து இழுத்துச் சுத்தமாக வையுங்கள். கொசுவுக்கு இதன் இலையிடுக்கில் இடமில்லை. டெங்கிக் கொசு குடியிருப்பது தேங்கிய தண்ணீரில். பக்கத்தில் கிடக்கிற பழைய டயரையும் டின்னையும் பாருங்கள், பழியைப் புல் மேல் போடாதீர்கள்.

அடுத்தது பெரிய விஷயம். இந்தப் புல் செய்யக் கூடியது மேல் மண் கரையாமல் காப்பது, சிறு சரிவைப் பிடிப்பது, கால்வாய்க் கரையை நிறுத்துவது. அதற்கு மேல் இதன் மேல் பாரம் ஏற்றாதீர்கள். 1993 டிசம்பர் 11ஆம் தேதி உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டார்கள். 2022 டிசம்பர் 16ஆம் தேதி விடியற்காலை பத்தாங் காலியில் கூடாரம் அடித்துத் தூங்கியவர்கள் மேல் மலை இறங்கி 31 பேர் போனார்கள். அந்த மாதிரி ஆழத்திலிருந்து பெயர்கிற மலையைப் பத்தடி வேர் தடுக்காது. உங்கள் லயத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில் விரிசல் தெரிந்தாலோ, மரம் புதிதாகச் சாய்ந்தாலோ, மழை இல்லாத நாளிலும் ஊற்று கசிந்தாலோ, பிள்ளைகளை அந்தப் பக்கத்து அறையில் படுக்க வைக்காதீர்கள். அன்றைக்கே நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள், தேதி போட்டு, நகல் வைத்துக்கொண்டு, சங்கக் கிளைக்கும் ஒன்று கொடுங்கள். வாய்ச் சொல்லாகத் தண்டலிடம் சொல்லிவிட்டு வருவது பிறகு எங்கேயும் நிற்காது. "புல்லு நட்டிருக்காங்களே, அது போதும்" என்று யாராவது சொன்னால் அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். சுவர் கட்ட வேண்டியவர் கட்டித்தான் ஆக வேண்டும்.

தோட்டத்து நிலத்தில் நடுவதாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடுங்கள். தாமான்களில் கால்வாய் ஓரம் நகராண்மைக் கழகத்துக்குச் சேரும். புல் வெட்ட வருகிற குத்தகை ஆட்கள் தெரியாமல் மொட்டையடித்துவிட்டுப் போவார்கள். எங்கள் வரிசையும் ஒரு தடவை போயிற்று. இப்போது அம்மா வரிசையின் இரண்டு முனையிலும் சிவப்புத் துணி கட்டிய கம்பு ஊன்றியிருக்கிறார். வெட்ட வருகிற வங்காளதேசத்துத் தம்பிகளுக்குத் தேத்தண்ணீரும் கொடுக்கிறார். அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை.

மற்ற உயரப் புற்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். செராய் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பிரித்து நடாவிட்டால் நடு பட்டுப்போகும், அவ்வளவுதான். பொங்கலுக்குக் கரும்பு வேண்டுமென்றால் கணு பார்த்துத் துண்டு வெட்டி மாசி பங்குனியில் படுக்க வைத்து நடுங்கள், அடுத்த தைக்குத் தயார். மாடு வைத்திருப்பவர்கள் நேப்பியர் புல் வைக்கலாம், அதைக் கட்டுக்குள் வைப்பது உங்கள் பொறுப்பு. கோலாலம்பூரில் பெரிய கட்டட வாசல்களில் கருஞ்சிவப்பு இலையோடு பூனை வால் மாதிரி பூக்கிற புல் ஒன்று இருக்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. மண் பிடிக்கிற வேலையெல்லாம் அதற்குத் தெரியாது.

2021 டிசம்பர் 18ஆம் தேதி வந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவில் கூரை வரைக்கும் தண்ணீர் நின்றது. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை, இடுப்பளவு, இரண்டு நாள். கால்வாய் எது, கரை எது என்று தெரியவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு பின்னால் போய்ப் பார்த்தோம். அம்மாவின் ரோஜா, மிளகாய், துளசி எல்லாம் சேற்றோடு போய்விட்டன. வெட்டிவேர் முழுக்கச் சேறு பூசிப் படுத்துக் கிடந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. பாராங்கை எடுத்து முழங்கால் அளவு விட்டு எல்லாவற்றையும் அறுத்துப் போட்டார். மூன்றாம் வாரம் பச்சை வந்துவிட்டது. கரையில் ஓரடி மண்கூடப் போகவில்லை.

இப்போது அங்கே நாற்பதுக்கு மேல் பெருத்த தூர் நிற்கிறது. கிள்ளான் வட்டாரத்துத் தோழர்களுக்குத் தேவையென்றால் உங்கள் கிளைக் கூட்டத்துக்கு நான் வருகிற அன்று சொல்லி வையுங்கள், மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொண்டுவருகிறேன். நனைத்த கோணிச் சாக்கு நீங்கள் கொண்டு வர வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தால் வெந்துபோகும் என்று அம்மா சொல்லிவிட்டார்.